விரலில் கருவி, மறுமுனையில் யார்?

வாசகர்களே, உங்கள் வீட்டு அலமாரியில் விரலில் மாட்டும் அந்தச் சின்னக் கருவி இன்னும் கிடக்கிறதா? 2021-இல் கோவிட் கண்டவர்களை வீட்டிலேயே வைத்துக் கண்காணித்தபோது கடை கடையாகத் தேடி வாங்கினோமே, அந்த ஆக்சிமீட்டர்தான். நோய் தணிந்ததும் பாட்டரியைக் கழற்றி டிவி ரிமோட்டில் போட்டிருப்பீர்கள். அதை மறுபடி வெளியே எடுங்கள். வீட்டில் இளைப்பு நோய்க்காரர் இருந்தால் கட்டாயம் எடுங்கள்.

நம் வீடுகளில் மூச்சிரைக்கும் பெரியவரைத் தேடி அலைய வேண்டியதில்லை. ரப்பர் தோட்டத்துப் புகைக்கூடத்தில் வேலை செய்தவர், லயத்து வீட்டில் விறகடுப்பு ஊதியே வயதான பாட்டி, நாளுக்கு ஒரு பெட்டி சிகரெட்டோடு லாரி ஓட்டிய மாமா. போதாக்குறைக்கு 1997, 2005, 2015, 2019 என்று வந்து போன புகைமூட்டம். 'வயசாயிடுச்சு, இளைக்குது' என்று விட்டுவிடுகிறோம். மருத்துவர்கள் இதற்கு நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் என்று பெயர் சொல்கிறார்கள். மருத்துவ அட்டையில் சி.ஓ.பி.டி. என்று எழுதியிருக்கும். கெட்ட நுரையீரல் பழையபடி ஆகாது. ஆனால் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுப்பதைக் குறைக்க வழி உண்டு.

பெரும்பாலும் அந்த முற்றல் ஒரே இரவில் வந்துவிடுவதில்லை. சில நாள் முன்பே சளி கூடும், மஞ்சளாகவோ பச்சையாகவோ மாறும், குளியலறைக்குப் போய் வருவதற்குள் இரண்டு முறை உட்கார வேண்டிவரும். நாம் என்ன செய்கிறோம்? மகனுக்கு லீவு கிடைக்கட்டும் என்று காத்திருக்கிறோம். பிறகு நடுராத்திரியில் ஆம்புலன்ஸ்!

வீட்டுக் கண்காணிப்பு இந்த இடைவெளியைப் பிடிப்பதற்காகத்தான். தினமும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் ஓய்வாக உட்கார்ந்தபின் ஆக்சிஜன் அளவையும் நாடித்துடிப்பையும் பார்ப்பது. மூச்சு எப்படி, சளி எப்படி என்பதோடு சேர்த்துக் கைத்தொலைபேசி வழி கிளினிக்குக்கு அனுப்புவது. அங்கே ஒரு மிஸ்ஸி அதைப் பார்த்து, மாற்றம் தெரிந்தால் அழைத்து, மருத்துவர் முன்பே எழுதித் தந்த மாத்திரையைத் தொடங்கச் சொல்வார், அல்லது உடனே வரச் சொல்வார்.

கருவி மட்டும் போதுமா? போதாது. ஸ்காட்லாந்தின் லோதியன் வட்டாரத்தில் 256 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. எல்லாருக்கும் ஒரே மாதிரி மருத்துவக் கவனிப்பு, பாதிப் பேருக்கு மட்டும் கூடுதலாகக் கண்காணிப்புக் கருவி. கருவி கிடைத்தவர்கள் ஆஸ்பத்திரியில் சேர்வது தள்ளிப்போகவில்லை. என் பார்வையில் இதன் பொருள் எளிது: கேட்கிற ஆள்தான் மருந்து, கருவி அவர் காதுக்குப் போகிற கம்பி. நம் நாடாளுமன்றம் தொலைமருத்துவச் சட்டத்தை 1997-இலேயே நிறைவேற்றியது. அந்தக் கம்பியின் மறுமுனையில் நம் பாட்டிக்கு ஆள் இருக்கிறாரா என்பதே கேள்வி.

அந்த ஆளுக்குத் தமிழ் தெரியுமா என்பது அடுத்த கேள்வி. 'நெஞ்சு அடைக்குது', 'மூச்சு முட்டுது', 'இழுக்குது' என்று பாட்டி மூன்று விதமாகச் சொல்வார். மூன்றும் வேறு வேறு. மலாயில் எல்லாவற்றையும் 'செசாக் நஃபாஸ்' என்று பேத்தி எழுதிவிடுவாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டால் 'மாற்றமில்லை' என்று தட்டிவிட்டு ஓடுவாள். அவளைக் குறை சொல்ல முடியுமா?

இன்னொன்று, நம் தோல். இந்தக் கருவி விரலுக்குள் ஒளியைச் செலுத்தி அளக்கிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டியபோதும் இரத்தத்தை எடுத்துச் சோதித்தால் 88-க்குக் கீழே இருந்தவர்கள் கறுப்பின நோயாளிகளில் 11.7 விழுக்காடு, வெள்ளையரில் 3.6 விழுக்காடு. அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனமே 2021 பிப்ரவரியில் இதைப்பற்றி எச்சரித்தது. கறுத்த மேனி நமக்கும் உண்டு. எண் நன்றாக இருந்தும் அப்பா வாக்கியத்தை முடிக்க முடியாமல் மூச்சு வாங்குகிறார் என்றால், எண்ணை நம்பாதீர்கள், அப்பாவை நம்புங்கள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

அதேபோல் எண் 90 என்றதும் அலறவும் வேண்டாம். இந்த நோயாளிகள் பலருக்கு மருத்துவர்கள் குறிவைப்பதே 88 முதல் 92 வரைதான். வீட்டில் ஆக்சிஜன் சிலிண்டர் இருந்தால் நீங்களாகத் திருகிக் கூட்டாதீர்கள். அளவுக்கு மீறினால் சிலருக்கு உடம்பில் கரியமில வாயு தேங்கி, மயக்கத்தில் கொண்டுபோய் விடும்.

அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது கேளுங்கள்: 'அப்பாவுக்கு எந்த எண் சரியான எண்? அதற்குக் கீழே போனால், சனி ஞாயிறிலும், எந்தத் தொலைபேசிக்கு அழைப்பது? தமிழ் தெரிந்த மிஸ்ஸி யாராவது பேசுவாரா?' இல்லை என்றால் ஏன் இல்லை என்றும் கேளுங்கள், எழுதிக் கொடுங்கள். அதுவரை சுவரில் தொங்கும் நாட்காட்டியில் தினமும் எண்ணையும் சளியின் நிறத்தையும் குறித்து வாருங்கள். போகிற நாளில் அந்தத் தாளைக் கிழித்துக் கையோடு கொண்டுபோய் மருத்துவர் மேசைமேல் வையுங்கள்.