தர்கா வாசலில் வைத்தியர்

மாமல்லபுரத்துக்கு வடக்கே, செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்த கோவளத்தில் கடலோரமாக ஒரு தர்கா உளது. நபிகள் நாயகத்தின் தோழரான தமீம் அன்சாரி அங்கு அடங்கியிருப்பதாக நம்பிக்கை. நோய் தீர வேண்டி முஸ்லிம்களும் ஹிந்துக்களும் அங்கே வருகிறார்கள். சித்தங் கலங்கிய மகனையோ மகளையோ அழைத்து வரும் பெற்றோரும் அவர்களிடை உண்டு. இவர்களை மூடர் என்று ஏளனம் செய்வாருடன் நாம் சேரோம். தர்காவுக்குப் போனால் ஊரார் பக்தி என்பர்; மனநோய் வைத்தியரிடம் போனாலோ பைத்தியம் என்பர். தங்கையின் கலியாணம் தட்டிப்போகும். இதற்கு அஞ்சியே ஜனங்கள் ஆஸ்பத்திரி வாயிலைத் தவிர்க்கின்றனர்.

இந்த அச்சத்தின் பலனை நாடு ஒரு முறை கண்டது. 2001-ம் வருஷம் ஆகஸ்டு 6-ந் தேதி, ராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளரைச் சங்கிலியிற் பிணைத்து வைத்திருந்த தனியார் விடுதியொன்றில் தீப்பற்றியது. எழுந்தோட வழியின்றி 28 பேர் மாண்டனர். அந்தோ! அத்தகைய விடுதிகளில் நோயாளரைக் கொண்டுவந்து விடுவோர் பெரும்பாலும் பெற்றோரும் உடன்பிறந்தாருமே. 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சங்கிலியை அடியோடு விலக்கி, சிகிச்சையை உரிமையாக்கியது. ஆயினும் சட்டப் புத்தகத்தைக் கண்டு ஊரார் நாவடக்குவதில்லை.

இது முஸ்லிம்களின் குறை என்பார் குணசீலம் கோயிலைப் போய்ப் பார்க்கட்டும். அங்கும் நோயாளர் ஒரு மண்டலம் தங்குகின்றனர். அரபு நாடுகளிலும் ஜின்னென்றும் கண்ணேறென்றும் சொல்லி நோயை மறைக்கும் குடும்பங்கள் இன்றும் பல. அதே அரபு உலகில், 1354-ல், அலெப்போ நகரில் மனநோயாளருக்கென முற்றமும் நீரூற்றும் அமைத்து ஓர் ஆஸ்பத்திரி கட்டினார்கள் என்பதை எத்தனை பேர் அறிவர்?

நிற்க. செய்யத்தக்கது யாது? குஜராத்தில் ஊஞ்ஜா அருகிலுள்ள மீரா தாதார் தர்காவில், 2008 முதல், தொழுகையைத் தடுக்காமலே வைத்தியரையும் அருகில் அமர்த்தினர். மருந்தும் பிரார்த்தனையும் என்ற அம்முறை பின்னர் ஏர்வாடிக்கும் வந்தது. தர்காவுக்கு வந்தவன் அப்படியே வைத்தியரையும் கண்டு போனால் கேட்பார் யார்? கோவளத்தில் பேனியன் ஸ்தாபனத்தார் பல்லாண்டுகளாக மனநலப் பணி செய்து வருவது போற்றத்தக்கதே. ஆனால் தர்மத்தை நம்பி சர்க்கார் சும்மா இருத்தல் தகாது. கூலி வேலை செய்வோன் செங்கற்பட்டு ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்ப ஒரு நாட் கூலியை இழக்கிறான். மாதந்தோறும் இழக்க அவனால் ஆகுமா? ஆகவே, கூட்டம் கூடும் நாட்களில் ஜில்லா மனநலத் திட்டத்தின் வைத்தியர் ஒருவர், மருந்துப் பெட்டியுடன், கோவளம் தர்காவுக்கு அருகிலேயே அமர வேண்டுமென்று வற்புறுத்துகிறோம். தர்கா நிர்வாகிகளும், இன்னாரிடம் போ என்று தம் வாயால் ஒரு சொல் சொல்வார்களாக.