விளக்கைப் பிடுங்காதீர்கள்! கதவைப் பாருங்கள்!

காரை நிறுத்தியாகி விட்டது. எல்லோரும் இறங்கி விட்டார்கள். கதவுகளையும் சாத்தி விட்டார்கள். ஆனால் காருக்குள் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது!

கார் வைத்திருக்கும் பலருக்கும் வரும் தொல்லை இது. உடனே என்ன செய்கிறார்கள்? சிலர் விளக்கின் சுவிட்சைத் தட்டி, ஒரேயடியாக அணைத்து விடுகிறார்கள். சிலர் பல்பையே கழற்றி விடுகிறார்கள். இன்னும் சிலர் பியூசைப் பிடுங்கி விடுகிறார்கள். "விளக்குதானே! கார் ஓடினால் போதாதா?" என்று கேட்கிறார்கள்.

போதாது! அந்த விளக்கு வெளிச்சம் தருவதோடு நிற்பது இல்லை. "கதவு சரியாக மூடவில்லை" என்று சொல்லும் காவல்காரனும் அதுதான். காவல்காரன் சத்தம் போட்டால் ஏன் என்று பார்க்க வேண்டும். அவன் வாயைக் கட்டலாமா?

பாதி மூடிய கதவு

கார் கதவின் பூட்டு இரண்டு படிகளில் மாட்டும். மெதுவாகச் சாத்தினால் முதல் படியில் மாட்டி நின்று விடும். பார்த்தால் மூடியது போலவே இருக்கும். ஆனால் முழுப் பிடிப்பு இருக்காது. அந்தக் கதவில் ஒரு குழந்தை சாய்ந்துகொண்டு வந்தால் என்ன ஆகும்? நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது!

பல பழைய கார்களில், கதவு திறந்திருப்பதைச் சொல்ல இந்த விளக்கைத் தவிர வேறு அடையாளம் இல்லை. அதையும் பிடுங்கி விட்டால், சொல்வதற்கு யார் இருக்கிறார்கள்? மழை இரவில் பாட்டி காரை விட்டு இறங்கும்போது, கால் வைக்கும் இடம் தெரிய வெளிச்சமும் இராது.

ஒரே இரவில்...

அப்படியானால் விளக்கை எரிய விட்டு விடலாமா? அதுவும் கூடாது!

பழைய கார்களில் உள்ளே எரியும் பல்பு 5 வாட் அல்லது 10 வாட் இருக்கும். 10 வாட் பல்பு இரவு முழுவதும், அதாவது 10 மணி நேரம் எரிந்தால், சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஏறக்குறைய கால் பங்கு தீர்ந்து விடும். பேட்டரி பழையதாக இருந்தால், மறுநாள் காலையில் கார் கிளம்பாது. திரும்பத் திரும்ப இப்படித் தீர்ந்தால் பேட்டரியே கெட்டு விடும்.

பிறகு பல ஆயிரம் ரூபாய் கொடுத்துப் புது பேட்டரி வாங்குகிறார்கள். ஆனால் குறை பேட்டரியில் இல்லை. அதில் ஒரு சிறு பங்கு விலைகூடப் பெறாத கதவு சுவிட்சில் இருக்கிறது!

எந்தக் கதவு?

முதலில் விளக்கின் சுவிட்சைப் பாருங்கள். அதில் மூன்று நிலைகள் இருக்கலாம். எப்போதும் எரிவது ஒன்று, கதவு திறந்தால் எரிவது ஒன்று, அணைப்பது ஒன்று. குழந்தைகள் விளையாட்டாகத் தள்ளி விட்டிருக்கலாம்.

அது சரியாக இருந்தால், டிக்கி உட்பட எல்லாக் கதவுகளையும் ஒரு முறை திறந்து, அழுத்திச் சாத்துங்கள். அதிலேயே பாதித் தொல்லை தீர்ந்து விடும்.

இன்னும் எரிகிறதா? பழைய கார்களில் கதவுச் சட்டத்தில் ஒரு சிறு பொத்தான் இருக்கும். கதவு மூடும்போது அது உள்ளே அழுந்தும், விளக்கு அணையும். கதவு திறந்தால் பொத்தான் வெளியே வரும், விளக்கு எரியும். இவ்வளவுதான் சூட்சுமம்!

ஒரு கதவை மட்டும் திறந்து, அதன் பொத்தானை விரலால் அழுத்துங்கள். மற்றக் கதவுகள் மூடியே இருக்கட்டும். விளக்கு அணைந்தால், குற்றவாளி அந்தக் கதவுதான். பொத்தானின் ரப்பர் தேய்ந்திருக்கும். அல்லது கதவு தொங்கிப்போய் இருக்கும். அணையாவிட்டால் அடுத்த கதவுக்குப் போங்கள்.

எந்தப் பொத்தானை அழுத்தியும் அணையவில்லை என்றால், சுவிட்சு துருப்பிடித்திருக்கலாம். ஒயரின் மேல்தோல் உரிந்து காரின் தகட்டில் படுவதாகவும் இருக்கலாம். அதை மெக்கானிக் பார்க்கட்டும். மழைக்காலத்தில் இது அதிகம் வரும்.

புதிய கார்களில் இந்த சுவிட்சு கதவுப் பூட்டுக்கு உள்ளேயே இருக்கும். சில கார்களில் சிறிது நேரம் கழித்து விளக்கு தானாகவே அணைந்து விடும். "அணைந்து விட்டதே" என்று நிம்மதி அடையக் கூடாது. கதவுக் குறை அப்படியேதான் இருக்கும்.

ஒரு நாள் போதும்

நள்ளிரவில் மெக்கானிக்கைத் தேடி அலைய முடியாது. அன்று இரவு மட்டும் விளக்கை அணைத்து வைப்பதில் தவறு இல்லை. ஆனால் மறுநாளே காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோக வேண்டும். "பல்பைக் கழற்றி விடு" என்று அவரிடம் சொல்லாதீர்கள். "எந்தக் கதவு என்று பார்த்துச் சொல்" என்று கேளுங்கள்.

செலவு கொஞ்சம்தான். காரில் ஏறும் குழந்தைகளின் உயிருக்கு முன்னால் அது ஒரு செலவா?