மிளகுக்கு விலை வைப்பவன் யார்?

மிளகு விலை சரிந்து கிடந்த 2018-ஆம் ஆண்டில், ஒரு நாள் கன்னிவாடியில் பஸ்ஸுக்காகக் காத்திருந்தேன். பன்றிமலைப் பக்கத்துத் தோட்டக்காரப் பெரியவர் ஒருவர் அருகில் நின்றார். பேச்சு மிளகில் வந்து நின்றது.

"வியட்நாம்காரன் வயிற்றில் அடிச்சுட்டான், சார்! இலங்கைக்காரன் அவனுக்குக் கதவைத் திறந்துவிட்டான்!" என்று பொரிந்து தள்ளினார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. 2000-இல் நடைமுறைக்கு வந்த இந்திய - இலங்கை வர்த்தக ஒப்பந்தத்தின் மறைவில், இலங்கைச் சரக்கென்ற பெயரில் வியட்நாம் மிளகு வருகிறதென்று நம் விவசாயிகள் முறையிட்டார்கள். 2017 டிசம்பரில், இறக்குமதி மிளகுக்குக் குறைந்தபட்ச விலை கிலோவுக்கு 500 ரூபாய் என்று சர்க்கார் தாழ்ப்பாள் போட்டது. திருட்டு வழிக்குத் தாழ்ப்பாள் வேண்டியதுதான். ஆனால் தாழ்ப்பாள் போட்டதோடு காரியம் முடிந்ததென்று நினைப்பது பேதைமை.

1972-இல் இந்தியாவும் இந்தோனேசியாவும் மலேசியாவும் கூடிச் சர்வதேச மிளகுச் சமூகம் என்ற அமைப்பைக் கண்டன. பின்னால் பிரேசிலும் இலங்கையும் சேர்ந்தன. 2005-இல் வியட்நாமும் வந்தது. உலக மிளகில் பெரும்பகுதி இந்தப் பந்தியில் இருப்பவர்களுடையதே. இருந்தும் என்ன? கூடுகிறார்கள், கணக்குகளைப் பரிமாறிக்கொள்கிறார்கள், வீடு திரும்பியதும் ஒருவர் விலையை ஒருவர் வெட்டுகிறார்கள். வாங்குகிறவன் சிரிக்கிறான்.

"காப்பியில் செய்து பார்த்துத் தோற்றார்களே!" என்பார்கள் படித்தவர்கள். உண்மைதான். 1989-இல் காப்பிப் பங்கீடு குலைந்ததும் விலை தலைகுப்புற விழுந்தது. 2000-இல், விளைவிக்கும் நாடுகள் ஏற்றுமதியில் ஐந்தில் ஒரு பங்கை நிறுத்தி வைப்பதாகச் சொல்லின. சிலர் சொல்லைக் காக்கவில்லை. வியட்நாமோ அந்தச் சங்கத்துக்கு வெளியே நின்றது. தோற்றது ஒற்றுமை அல்ல, ஒற்றுமை இல்லாமைதான்! மிளகிலோ, வியட்நாம் சங்கத்துக்கு உள்ளேயே இருக்கிறது. நன்றாகக் காய்ந்த மிளகு வருஷக்கணக்கில் கெடாது. கிடங்கும், கிடங்குச் சரக்கின் பேரில் கடனும் சிறு விவசாயிக்குக் கிடைக்க இந்த நாடுகள் கூடி வழி செய்தால், விலை விழும்போது விற்காமல் நிற்க அவனுக்குத் தெம்பு வரும்.

இப்போது விலை மீண்டும் ஏறியிருக்கிறது. எல்லாரும் பழையதை மறந்துவிட்டோம். கூரையை மழையிலா வேய்வது? வெயில் அடிக்கும் இந்த வேளையில்தான் வேய வேண்டும்.

அன்று பெரியவரைக் கேட்டேன்: "மிளகை எப்போது விற்பீர்கள், ஐயா?"

"காய்ஞ்ச கையோட. கடன்காரன் காத்திருப்பானா?"

"வியட்நாமிலும் சிறு விவசாயிகள் கடனில்தான் கிடக்கிறார்களாம்."

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டார்:

"அப்போ அவனை அடிச்சது யாரு, சார்?"