ரப்பர் ஊக்கத்தொகை வரம்பை உயர்த்தக் கோரும் மனு

பெறுநர்: வாணிபத்துக்கும் ரப்பர் துறைக்கும் பொறுப்பான மத்திய, பேராக் மாநில உயர் அதிகாரிகள்

அனுப்புநர்: செயலாளர், ரப்பர் சிறுதோட்டக்காரர் சங்கம், சுங்கை சிப்புட்



பழைய தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரங்களில் சொந்த நிலத்திலோ வாரத்துக்கோ பால்மரம் சீவிப் பிழைப்போரின் சங்கம் இது.

கோரிக்கை 1: சந்தை விலை எதற்குக் கீழே இறங்கினால் ரப்பர் உற்பத்தி ஊக்கத்தொகை வழங்கப்படுகிறதோ, அந்த விலை வரம்பை கிலோவுக்கு 3.00 ரிங்கிட்டிலிருந்து 4.00 ரிங்கிட்டாக உயர்த்த வேண்டும்.

இதை முந்தைய கடிதங்களிலும் கேட்டோம். நேரில் கிடைத்த ஒரே பதில்: "ஆர்செப் ஒப்பந்தத்தில் இருக்கிறோம், கை கட்டப்பட்டிருக்கிறது."

இந்தப் பதில் நிற்காது. 15 நாடுகளின் வாணிப ஒப்பந்தமான ஆர்செப் மலேசியாவுக்கு 18 மார்ச் 2022இல் நடப்புக்கு வந்தது. இன்னொரு வாணிப ஒப்பந்தமான சிபிடிபிபி அதே ஆண்டு நவம்பர் 29இல் வந்தது. அதன் பிறகுதான் 2023 வரவு செலவுத் திட்டம் வரம்பை 2.50இலிருந்து 2.70 ஆக்கியது, 2024 திட்டம் 3.00 ஆக்கியது. இரண்டு ஒப்பந்தங்களும் நடப்பில் இருக்க, வரம்பு இருமுறை உயர்ந்தது. அன்று கட்டப்படாத கை இன்று மட்டும் எப்படிக் கட்டப்பட்டது? இறக்குமதியைத் தடுக்க நாங்கள் கேட்கவில்லை. தாய்லாந்து ரப்பர் பால் ஆலைகளுக்கு வரட்டும். அந்தப் போட்டியின் சுமையை மரம் சீவுபவர் மட்டுமே சுமக்க வேண்டியதில்லை என்கிறோம்.

இன்னொன்றையும் மீண்டும் சொல்கிறோம். வரம்பு, பாதி உலர் ரப்பர் கொண்ட கட்டிப்பாலுக்கானது. வியாபாரியோ கட்டியைக் கத்தியால் கீறி, கசியும் நீரைக் கண்ணால் பார்த்தே எடையில் கழிக்கிறார். ஊக்கத்தொகையோ சராசரி விலையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. அந்தச் சராசரிக்கும் கையில் வரும் காசுக்கும் உள்ள இடைவெளி எங்கள் வீட்டுச் சமையலறையில் தெரிகிறது. ஆகவே கொள்முதல் இடங்களில் உலர் ரப்பர் அளவைக் கருவி கொண்டு சோதிப்பதும் இக்கோரிக்கையில் அடங்கும்.

கோரிக்கை 2: ஆர்செப் ஒப்பந்தத்தின் 14ஆம் அத்தியாயம் சிறு தொழில்களுக்குத் தகவல் எளிதில் கிடைக்க வழி செய்யச் சொல்கிறது. அதன்படி, ஒப்பந்தம் குறித்து மலாயிலும் தமிழிலும் விளக்கக் கையேடு வெளியிட வேண்டும்.

கோரிக்கை 3: ரப்பர் சிறுதோட்டக்காரர் மேம்பாட்டு வாரியமான ரிஸ்டாவின் மறுநடவு உதவி குறித்த அறிவிப்புகள் உரிய காலத்தில் சங்கங்களுக்கு அனுப்பப்பட வேண்டும்.

கோரிக்கை 4: வாணிப ஒப்பந்தக் கலந்துரையாடல்களுக்குச் சிறுதோட்டக்காரர் பிரதிநிதி ஒருவரை அழைக்க வேண்டும்.

"மனு கிடைத்தது" என்ற ஒற்றை வரி இம்முறை போதாது. முதல் கோரிக்கையை ஏற்க இயலாதெனில், அதைத் தடுப்பது ஒப்பந்தத்தின் எந்த அத்தியாயம், எந்த விதி என்று எண் குறிப்பிட்டு எழுத்தில் தெரிவிக்கக் கோருகிறோம்.

இப்படிக்கு,
செயலாளர்