உரமும் நாமே, களையும் நாமே



என்னிடம் படித்த மாணவன் ஒருவன் சென்ற வாரம் வீட்டுக்கு வந்தான். பட்டணத்தில் வேலை. கையில் ஒரு மருந்துப் புட்டி. "சார், பல மாதச் சேமிப்பில் கடல்நீர்த் தொட்டி வைத்தேன். பவளத்தின்மேல் பாசி ஏறுகிறது. இதை ஊற்றட்டுமா?" என்றான்.

"பொறு தம்பி, முதலில் நிறத்தைச் சொல்" என்றேன்.

புதுத் தொட்டியில் பழுப்புத் தூளாகப் படிவது டயாட்டம். பெரும்பாலும் சில வாரங்களில் தானே அடங்கிவிடும். சிவப்பு வழுவழுப்பாகப் போர்வைபோல் படர்வது பாசியே அன்று. சயனோபாக்டீரியா எனும் நுண்ணுயிர். பச்சை முடிபோல் அசைவது முடிப்பாசி. தம்பியின் தொட்டியில் இருப்பது அதுதான்.

செம்பனைக்கு நாம் இடும் உரத்தில் நைட்ரஜனும் பாஸ்பரசும் உண்டல்லவா? மீன் தின்னாமல் விட்ட தீனி அழுகும்போது அவையே நைட்ரேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் நீரில் சேர்கின்றன. உரத்தையும் இட்டுவிட்டுக் களையைத் திட்டலாமா?

பாசியைக் கையால் பிடுங்கி வெளியே போடுங்கள். தீனியைக் குறையுங்கள். குழாய்நீர் வேண்டாம், ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீரில் தொட்டிக்குரிய கடலுப்பைக் கரைத்து, வாரந்தோறும் பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றுங்கள். விளக்கு 8 மணி நேரம் எரிந்தால் போதும். பாசி மேயும் டர்போ நத்தைகள் இரண்டொன்று விடலாம்.

புட்டியைத் திருப்பிப் பார்த்தேன். செம்பு கலந்த மருந்து! ஊற்றியிருந்தால் பாசியோடு நத்தையும் பவளமும் செத்திருக்கும்.

லாலான் புல்லை மேலே அறுத்தால் போகாது, கிழங்கோடு தோண்ட வேண்டும் என்பது தோட்டத்தில் பிறந்த நமக்குத் தெரியாதா? தொட்டிக்கும் அதே பாடந்தான்.