அரை ஜாண் இரும்பு

ஐந்தாறு அங்குல நீளமுள்ள ஓர் இரும்புத் துண்டை உங்கள் கையில் கொடுத்து, "இது என்ன, சொல்லுங்கள் பார்க்கலாம்!" என்று ஒருவர் கேட்கிறார். தட்டையாக இருக்கிறது. லேசாக வளைந்திருக்கிறது. மேலெல்லாம் துரு. "ஏதோ பீப்பாய்க்கு அடித்த பட்டை, உடைந்து போயிருக்கிறது. காயலான் கடைக்குத்தான் லாயக்கு" என்பீர்கள். நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். பீப்பாய்ப் பட்டை என்பது சரிதான். ஆனால் அது பாதி பதில். மீதிப் பாதியைக் கடைசியில் சொல்கிறேன். அவசரப்பட்டு இப்போதே கீழே பார்த்துவிடக் கூடாது!

இந்த மாதிரிப் புதிர்களோடு தினந்தோறும் மல்லுக்கு நிற்பவர்கள் வட அமெரிக்காவில் இருக்கிறார்கள். அங்கே ஒரு காலத்தில் ரோமத் தோல் வியாபாரம் அமோகமாக நடந்தது. ஆற்றில் அணை கட்டி வாழும் பீவர் என்ற பிராணியின் மெல்லிய உள்ரோமத்தில்தான் ஐரோப்பியக் கனவான்களின் தொப்பிகள் தயாராயின. அந்தத் தோலுக்காகவே 1670-இல் லண்டனில் ஹட்ஸன் பே கம்பெனி ராஜ பட்டயம் பெற்றது. பூர்வகுடி மக்கள் தோலைக் கொடுத்தார்கள். கோடாலி, அரம், கத்தி, குத்தூசி, பித்தளைப் பாத்திரம் எல்லாம் வாங்கிக் கொண்டார்கள். 1830-களுக்குப் பிறகு பட்டுத் தொப்பி நாகரிகமாயிற்று. பீவர் தொப்பிக்கு மவுசு போயிற்று. அதற்குள் எத்தனையோ ஆறுகளில் பீவர் இனமே அற்றுப் போயிருந்தது.

பண்டகசாலைகளும் கோட்டைகளும் மண்ணுக்குள் போயின. இப்போது அவற்றைத் தோண்டுகிறார்கள். வாஷிங்டன் மாநிலத்தில் உள்ள வான்கூவர் கோட்டையில் 1947-இல் அகழாய்வு தொடங்கியது. மிச்சிகனில் உள்ள மிச்சிலிமாக்கினாக் கோட்டையில் 1959-இல் தொடங்கினார்கள். மண்ணில் மட்டுமல்ல, தண்ணீரிலும் தேடினார்கள். 1960-இல் மினசோட்டாவின் எல்லையில் ஓடும் கிரானைட் ஆற்றின் ஒரு நீர்வீச்சில் முக்குளித்தவர்களுக்கு, ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிய பதினேழு பித்தளைப் பாத்திரங்கள் அப்படியே கிடைத்தன! எந்தக் காலத்திலோ ஓடம் கவிழ்ந்திருக்க வேண்டும்.

பாத்திரத்தைப் பார்த்தால் பாத்திரம் என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். கஷ்டமெல்லாம் கைக்கருவிகளில்தான். மரப்பிடி உளுத்துப் போயிருக்கும். இரும்போ மண்ணோடு கலந்து ஒரு கட்டியாகியிருக்கும். ஆத்திரப்பட்டுக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்தால், துருவோடு சேர்ந்து கொல்லன் குத்திய முத்திரையும் போய்விடும். ஆகையால் டாக்டர் எலும்பு முறிவைப் பார்ப்பது போல, முதலில் எக்ஸ்ரே எடுக்கிறார்கள். துருக்கட்டிக்குள்ளே கருவியின் நிஜ உருவம் தெரிகிறது.

பிறகுதான் துப்பறியும் வேலை. கோடாலியா? ஒரே இரும்புப் பட்டையை மடித்து, காம்பு நுழையக் கண் விட்டு, இரண்டு நுனியையும் காய்ச்சி இணைத்து, வாய்ப்பக்கத்தில் மட்டும் எஃகுத் துண்டு வைத்திருந்தால் அது பழைய கைவேலை. அரமா? பல்லை எண்ணிப் பார்க்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையில் அரத்தின் பற்களைப் பெரும்பாலும் உளியும் சுத்தியலும் கொண்டு கையாலேயே வெட்டினார்கள். எவ்வளவு கெட்டிக்காரக் கையானாலும் இடைவெளி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். பல்வரிசை அச்சடித்தாற்போல் இருந்தால் அது பிற்கால இயந்திரத்தின் வேலை என்று சந்தேகிக்கலாம்.

ஒரு சாமான் கடைசி வரையில் அதே சாமானாக இருந்துவிட்டால் பரவாயில்லை. காட்டில் இரும்பு அபூர்வம். எதையும் எறிய மாட்டார்கள். அரம் தேய்ந்து போனால் அதைத் தட்டி, நுனியை வளைத்து, வளைகத்தி செய்து கொள்வார்கள். உள்ளங்கை மேலே பார்க்கப் பிடித்து, தன்னை நோக்கி இழுத்துச் சீவும் கத்தி அது. ஒரு கையில் மரம், ஒரு கையில் கத்தி. ஓடத்தின் விலாச் சட்டமும் பனிச் செருப்பின் சட்டமும் இதனால் உருவாகிவிடும். பிடி உளுத்துப் போனபின் பார்த்தால் வெறும் வளைந்த தகடு. ஆனால் அதன் முதுகில் அரத்தின் பற்கள் மங்கலாகத் தெரியும். அதுதான் சாட்சி!

துப்பாக்கிக் குழாய் வெடித்துவிட்டதா? அதன் நுனியைத் தட்டைப்படுத்திப் பல் வெட்டினால், தோலில் ஒட்டிய சதையைச் சுரண்டும் கருவி. பித்தளைப் பாத்திரம் ஓட்டையாகிவிட்டதா? அதை வெட்டினால் அம்பு முனை.

தோல் சுரண்டியதும், குத்தூசி பிடித்து மரப்பட்டை ஓடத்துக்குத் தையல் போட்டதும், பனிச் செருப்புக்குத் தோல்வார் பின்னியதும் பெரும்பாலும் பெண்கள். வியாபாரம் முழுவதும் அவர்கள் பதப்படுத்திய தோலின் மேல்தான் நடந்தது. கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் தோலின் எண்ணிக்கை இருக்கும். சுரண்டியவளின் பெயர் அபூர்வம். ஆகையால் ஒரு சுரண்டியைத் 'துப்பாக்கியின் உடைந்த பாகம்' என்று சீட்டு ஒட்டி வைத்துவிட்டால், ஒரு பெண்ணை இரண்டாம் முறையும் மறந்துவிட்டதாகத்தான் அர்த்தம்.

சரி, நம் புதிருக்கு வருவோம்.

1772-ஆம் வருஷம் ஜனவரி 11-ஆம் தேதி. ஹட்ஸன் பே கம்பெனியின் உத்தியோகஸ்தர் சாமுவேல் ஹெர்ன், பூர்வகுடித் துணைவர்களோடு கிரேட் ஸ்லேவ் ஏரியைக் கடந்து வந்து கொண்டிருந்தார். பனியில் ஓர் அன்னியப் பனிச் செருப்பின் தடம் தெரிந்தது. தொடர்ந்து போனார்கள். ஒரு சிறு குடிசை. உள்ளே ஓர் இளம் பெண், தன்னந்தனியாக!

டாக்ரிப் குலத்தைச் சேர்ந்தவள். பகைவர் இரவில் தாக்கி அவளுடைய பெற்றோரையும் கணவனையும் கொன்று, அவளைச் சிறை கொண்டு போயிருந்தார்கள். மூட்டையில் மறைத்துக் கொண்டுபோன கைக்குழந்தையையும் பிடுங்கிக் கொன்றார்கள். அடுத்த கோடையில் தப்பி ஓடினாள். ஊருக்கு வழி தெரியவில்லை. ஏழு மாதம் மனித முகமே காணாமல் வாழ்ந்திருந்தாள். கண்ணி வைத்து முயல் பிடித்தாள். முயல் தோலில் அழகாக உடை தைத்துக் கொண்டாள். கல்லோடு கல்லை உரசி நெருப்பு மூட்டி, அதை அணையாமல் காத்தாள். வசந்தத்தில் மீன் பிடிக்க வலை வேண்டுமே என்று வில்லோ மரப்பட்டை நாரைத் திரித்து நூறு பாகத்துக்கு மேல் கயிறு சேர்த்து வைத்திருந்தாள்.

அவளிடம் இருந்த உலோகம் மொத்தம் இரண்டு. ஓர் அம்பு முனையின் காம்பு. அது அவளுக்குக் குத்தூசி. மற்றொன்று ஐந்தாறு அங்குல இரும்புப் பட்டை; அது அவளுக்குக் கத்தி. இவற்றைக் கொண்டே பனிச் செருப்பு ஒரு ஜோடி செய்துகொண்டிருந்தாள். சிறைப்படும் வரையில் இரும்பையே கண்டதில்லையாம் அவள்!

ஹெர்னின் துணைவர்கள் செய்ததென்ன? அவளை யார் மனைவியாக்கிக் கொள்வது என்று அன்று மாலையே மல்யுத்தம் நடத்தினார்கள். அவள் பலர் கை மாறினாள். ஹெர்ன் இத்தனையும் எழுதி வைத்தார். அவள் பெயரை மட்டும் எழுதவில்லை.

அந்தக் குடிசை இருந்த இடம் இன்று யாருக்கும் தெரியாது. ஒருவேளை அந்தக் கத்தி மண்ணில் கிடைத்து, உலோகம் தேடும் கருவியோடு திரியும் ஒருவர் அதைத் தோண்டிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போனால், அது பீப்பாய்ப் பட்டையேதான். அதே துண்டு, பக்கத்தில் அடுப்புச் சாம்பலும் முயல் எலும்பும் குத்தூசியும் இருந்த இடத்தில் இருந்தபடியே குறிக்கப்பட்டால், அது ஒரு பெண்ணின் ஏழு மாத வாழ்வு.

"இது என்ன?" என்பது பாதிக் கேள்விதான். "இது யார் கையில் இருந்தது?" என்றும் கேட்க வேண்டும். அப்போதுதான் துரு வாய் திறக்கும்.