வடம் பிடிப்போரும் வழிகாட்டுவோரும்

நேற்றுவரை தோழர்களுள் ஒருவராய் உழைத்த இளைஞர், இன்று அவர்களுக்கே மேற்பார்வையாளர் ஆகிறார். பாலாவி உப்பளமாயினும், 2011ஆம் ஆண்டில் இயங்கத் தொடங்கிய நுரைச்சோலை அனல் மின்னிலையமாயினும், சிலாபத்துக் கடையாயினும் இந்நிலை ஒன்றே. நம் மாணவர் சிலர் பதவி உயர்வுச் செய்தியோடு நம்மிடம் வரும்போது, "இனி என் வேலை யாது?" என்னும் கலக்கத்தையும் அவர்கள் முகத்திற் காண்கிறோம். அவர்களை உடப்புக் கடற்கரைக்குச் சென்று கரைவலைத் தொழிலைப் பார்த்துவரச் சொல்வது நம் வழக்கம்.

வடத்தின் ஒரு தலைப்பைக் கரையில் விட்டுத் தோணி கடலுள் செல்கிறது. வலையை அரைவட்டமாக வளைத்து, மறு தலைப்பைச் சற்றுத் தொலைவிற் கரை சேர்க்கிறது. இரு அணியினர், அம்பாப் பாடலின் தாளத்திற்கேற்ப இழுத்தவாறே ஒருவரையொருவர் நெருங்குகின்றனர். மீன் திரளும் மடி இறுதியிலேதான் கரையேறும். ஓரணி விரைந்து மற்றோரணி பின்தங்கினால் வலை கோணும், மீன் தப்பும். குனிந்து இழுப்போருக்கு இது புலப்படாது. முழு வலையையும் நோக்கி நிற்பவருக்கே புலப்படும்.

மேற்பார்வை என்பதன் பொருள் இதுவே. புதிய தலைவர் பழக்கத்தால் தாமே வடத்தைப் பற்றிக்கொண்டால், வலையைப் பார்ப்பார் இல்லை. எட்ட நின்று அதட்டினாலோ, மனமொப்பி இழுப்பார் இல்லை. எவ்வணி தளர்ந்தது, ஏன் தளர்ந்தது என்று கேட்டறிதலும், ஆள் குறைந்த பக்கத்திற்கு ஆள் சேர்த்தலும், புதியவரைப் பழகியவர் அருகில் நிறுத்துதலுமே அவர் கடன்.

வெறும் வலை வரும் நாளே அவருக்குச் சோதனை. கரைவலையில் ஊதியம் பெரும்பாலும் பங்காகவே கிடைப்பதால், அன்று எல்லார் வீட்டிலும் முட்டுப்பாடு. அவ்வேளையிற் பலர் முன்னிலையில் ஒருவரைப் பழிப்பது எளிது. ஆயின், மானமிழந்தவர் மறுநாள் வடத்திற் கையை வைப்பாரேயன்றிப் பாரத்தை வைக்கமாட்டார். தவற்றைத் தனியே அழைத்துச் சொல்லுதலும், வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டியின் முன் பொறுப்பைத் தாமே ஏற்றலும் வேண்டும். மடி நிறைந்த நாளில் "நான் பிடித்தேன்" என்னாது, "நாம் பிடித்தோம்" எனல் வேண்டும்.

இளைஞர்களே! உங்கள் கைகளின் விரைவு உங்களுக்குப் பதவியைத் தந்திருக்கலாம். பிறர் கைகளெல்லாம் ஒன்றாய் இயங்கச் செய்வதே இனி உங்கள் தொழில்.